நாலு சக்கரமும் சுத்தும்.. நிக்குமா?

நம்ம ஊருல 'பனி'ன்னா அது மார்கழிப் பனி. விடியக்காலையில கொளவாய் ஏரிக்கு மேல புகை மாதிரி மிதக்கும். வெயில் ஏறினா காணாமப் போயிடும். பெரியவங்க காதுல மப்ளர், கோலம் போட வர்றவங்க தலையில முக்காடு, செங்கல்பட்டோட குளிர்காலம் அத்தோட முடிஞ்சது.

ஆனா இதே செங்கல்பட்டுக்குப் பக்கத்துல, மறைமலை நகர்ல, முழங்கால் உயரத்துக்கு வெண்பனி கொட்டுற ஊர்களுக்காகக் கார் செஞ்சு கப்பல் ஏத்தின காலம் ஒண்ணு இருந்தது. ரொம்ப நாள் முன்னாடி இல்லை. 2017 கடைசியில இருந்து 2022 வரைக்கும். ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட். அமெரிக்காவுலயும் கனடாவுலயும் வித்த ஈக்கோஸ்போர்ட் மொத்தமும் நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்துத் தொழிற்சாலையில செஞ்சதுதான். இதுல வேடிக்கை என்னன்னா, அங்க போன 2 லிட்டர் இன்ஜின் வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் விசை போகும். ஃபோர் வீல் டிரைவ். 2013 ஜூன்ல இங்க அறிமுகமாகி நம்ம தெருவெல்லாம் ஓடின ஈக்கோஸ்போர்ட்டுக்கு அது கடைசி வரைக்கும் கிடையாது. முன் சக்கரம் ரெண்டுதான் இழுக்கும். நம்ம கையால செஞ்ச நாலு சக்கர ஓட்டத்தை நம்ம யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை!

இன்னொரு வேடிக்கை, அதே தொழிற்சாலையில வந்த எண்டெவர். 2016-ல வந்த மாடல்ல கியருக்குப் பக்கத்துல ஒரு திருகு வச்சிருந்தாங்க. சாதா ரோடு, பனி, மணல், பாறைன்னு திருப்பிக்கலாம். மணலுக்கும் பாறைக்கும் மாமல்லபுரம் போதும். பனிக்குத் திருப்ப செங்கல்பட்டு மாவட்டத்துல ஐஸ் ஃபேக்டரி வாசலைத் தவிர வேற இடம் எனக்குத் தெரியலை :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன். பனியில வண்டி ஓட்ட எது முக்கியம்? நாலு சக்கர ஓட்டமா, பனிக்குன்னு செஞ்ச டயரா? இதைப் பத்தி செங்கல்பட்டுல உக்காந்துகிட்டு ஏன் எழுதணும்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. என் அக்கா பையன் பிராம்டன்ல இருக்கான். போன குளிர்காலத்துக்கு முன்னாடி ஒரு பழைய எஸ்.யூ.வி. வாங்கினான். "மாமா, இது ஆல் வீல் டிரைவ். விண்டர் டயர் எல்லாம் தண்டச் செலவு. ரிம்மு, மாத்துற கூலி எல்லாம் சேர்த்தா ஆயிரம் டாலருக்கு மேல போயிடும்"னான். வண்டியில கைக்குழந்தையோட போறவன். அவனுக்குப் பதில் சொல்லணும்னு படிக்க ஆரம்பிச்சேன். படிச்சா அது ஒரு பெரிய சரித்திரமா விரிஞ்சுபோச்சு. அதுல பாதி விளம்பரத்தோட சரித்திரம்.

நாலு சக்கரத்துக்கும் விசை கொடுக்குறது ஒண்ணும் புதுசு இல்லை. 1903-லேயே ஹாலந்துல ஸ்பைக்கர்னு ஒரு கம்பெனி அப்படி ஒரு கார் செஞ்சது. 1940-41-ல அமெரிக்க ராணுவத்துக்காக ஜீப் வந்த பிறகுதான் உலகத்துக்கே அது பழக்கமாச்சு. யுத்தம் முடிஞ்சதும் பம்பாயில மகிந்திரா அந்த ஜீப்பைப் பூட்டி விக்க ஆரம்பிச்ச கதை உங்களுக்குத் தெரியும். ஆனா ஜீப் சேத்துக்கும் மேட்டுக்கும்தான். குடும்பத்தோட போற சாதாரணக் காருக்கு நாலு சக்கர ஓட்டம் வந்ததுக்குக் காரணம் பனி.

அங்கதான் ஜப்பான் வருது. வடக்கு ஜப்பான்ல தோஹோகுன்னு ஒரு பகுதி, பனி கொட்டித் தீர்க்குற ஊரு. அங்கே இருக்குற மின்சாரக் கம்பெனி ஆளுங்க குளிர்காலத்துல மலைமேல லைன் பார்க்கப் போகணும். ஜீப்புல போனா குளிர்ல விறைச்சுப் போயிடுவாங்க, காத்தடைப்பு கிடையாது. மூடின கார் மாதிரி இருக்கணும், ஆனா ஜீப் மாதிரி ஏறணும்னு கேட்டாங்க. அந்தக் கோரிக்கையில இருந்து வளர்ந்ததுதான் 1972-ல சுபாரு விட்ட நாலு சக்கர ஓட்ட லியோன் வேன். நம்ம ஊரு லைன்மேன் சைக்கிள்ல ஏணி வச்சுகிட்டு வர்ற மாதிரி அந்த ஊரு லைன்மேனுக்கு ஒரு கார். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஷோரூம்ல உக்காந்து யோசிச்ச காரு இல்லை அது. கம்பத்துல ஏறுறவன் கேட்டு வாங்கினது.

அடுத்தது ஆடி. 1976-77 குளிர்காலத்துல ஃபின்லாந்துல வண்டிகளைச் சோதிச்சுகிட்டு இருந்தப்ப, ராணுவத்துக்குன்னு செஞ்ச வெறும் 75 குதிரை சக்தி வோக்ஸ்வாகன் இல்டிஸ், பலசாலி ஆடி கார்களை எல்லாம் பனியில ஓரங்கட்டிடுச்சு. ஒரு இன்ஜினியர் மண்டையில பல்பு எரிஞ்சது. 1978 ஜனவரியில ஆஸ்திரியாவுல துர்ராகர் ஹோஹேன்னு ஒரு மலைப்பாதையில சோதனை வண்டியை ஏத்திக் காமிச்சாங்க. சாதாரண கோடைக்கால டயர்ல, சங்கிலி கூட இல்லாம சர்ருன்னு ஏறிடுச்சு. மேலதிகாரிங்க வாயைப் பொளந்தாங்க. 1980 மார்ச்ல ஜெனீவா கண்காட்சியில 'குவாட்ரோ' வந்தாச்சு.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்க. கோடை டயர்ல ஏறிச்சு.. சரி. அதே டயர்ல அதே பாதையில இறங்கினப்ப எப்படி நின்னுச்சு? அந்தக் கேள்வியை எந்த விளம்பரமும் கேக்காது.

1986-ல ஆடி எடுத்த ஒரு விளம்பரம் இன்னும் பிரசித்தம். ஃபின்லாந்துல கைப்போலாங்கிற இடத்துல பனிச்சறுக்கு வீரர்கள் குதிக்கிற சரிவு மேடை. அதுல ஒரு சிவப்பு ஆடி 100 குவாட்ரோ கீழ இருந்து மேல ஏறும். பார்த்தவன் எல்லாம் 'அடேங்கப்பா குவாட்ரோ'ன்னான். அந்தக் காருல மாட்டியிருந்தது ஆணி பதிச்ச டயர். அந்த ஆணியைப் பத்தி யாரும் பேசலை. நாப்பது வருஷமா மனுஷன் மனசுல பதிஞ்சது நாலு சக்கர ஓட்டம் மட்டும்தான். டயருக்குப் பாவம், சினிமாவுல வர்ற ஸ்டண்ட் டூப் மாதிரி பிழைப்பு. அடி வாங்குறது ஒருத்தர், கைத்தட்டல் இன்னொருத்தருக்கு.

டயர் பக்கத்துக் கதையும் ஃபின்லாந்துலதான் ஆரம்பிக்குது. 1934-ல இன்னைக்கு நோக்கியன்னு நாம சொல்ற கம்பெனி, லாரிக்காக உலகத்தோட முதல் பனிக்கால டயரைச் செஞ்சது. 1936-ல கார்களுக்கு. அதுக்கு வச்ச பேரு ஹக்காபெலீட்டா. (சொல்லிப் பாருங்க, வாய்க்குப் பயிற்சி.) நோக்கியான்னா நமக்கு செங்கல் மாதிரி கனமான கைபேசிதான் ஞாபகம் வரும். ரெண்டுக்கும் பூர்வீகம் ஒரே ஊர்தான். அந்த நோக்கியாவும் நம்ம ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து 2014-ல மூடிட்டுப் போனது தனிக்கதை.

பிறகு டயர்ல இரும்பு ஆணி பதிக்கிற பழக்கம் வந்தது. ஐஸ் மேல பூனை நகம் மாதிரி பிடிச்சுக்கும். ஆனா ஐஸ் இல்லாத தார் ரோட்டையும் அது சுரண்டித் தின்னுடும். ஜப்பான்ல இந்த ஆணி டயர் கிளப்பின புழுதி ஊரெல்லாம் பரவி மூச்சுப் பிரச்சனை ஆகி, 1990-ல அதுக்குன்னே ஒரு சட்டம் போட்டாங்க. ஜெர்மனி 1975-லேயே தடை பண்ணிடுச்சு. ஆணி இல்லாம எப்படிப் பிடிக்கிறதுங்கிற கேள்விக்குப் பதிலா வந்த டயர்கள்ல முக்கியமானது 1988-ல பிரிட்ஜ்ஸ்டோன் ஜப்பான்ல விட்ட பிளிசாக். ரப்பருக்குள்ள நுண்ணிய காத்துக்குமிழி. ஐஸ் மேல டயர் அழுத்துறப்ப உருவாகுற மெல்லிசான தண்ணிப் படலத்தை அந்தக் குமிழிகள் உறிஞ்சிக்கும். வழுக்குறது ஐஸை விட அந்தத் தண்ணிதான்.

இதெல்லாம் ரப்பர் சமாச்சாரம். நமக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா தேங்காய் எண்ணெய். மார்கழி மாசம் காலையில பாட்டிலைக் கவுத்தா விழாது. உறைஞ்சு கெட்டியாகி உக்காந்திருக்கும். நம்ம ஊரு டயர் ரப்பரும் குளிர்ல அப்படித்தான், உறையாது, ஆனா விறைக்கும். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழ போனாலே சாதா டயர் தன்னோட பிடிப்பை இழக்க ஆரம்பிச்சிடும்னு சொல்றாங்க. பனி விழணும்னு கூட அவசியம் இல்லை. பனிக்கால டயரோட கலவை மைனஸ் இருபதுலயும் மெத்துன்னு இருக்கும். கூடவே அதோட கட்டைகள்ல பிளேடால கீறின மாதிரி நூத்துக்கணக்கான வெட்டுக்கோடு. ஒவ்வொரு கோடும் பனியைக் கவ்வுற ஒரு பல்லு. அதே டயரை நம்ம சித்திரை வெயில்ல ஜி.எஸ்.டி. ரோட்டுல ஓட்டினா அழிரப்பர் மாதிரி தேஞ்சு போயிடும். அதான் இங்க யாரும் விக்கிறதில்லை.

இப்ப கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

எந்தக் காரா இருந்தாலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும் உண்டு. மாருதி 800-லயும் உண்டு, ரேஞ்ச் ரோவர்லயும் உண்டு. ஆக நிக்குறதுல நாலு சக்கர ஓட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூட உபகாரம் கிடையாது. நிக்குற தூரத்தைத் தீர்மானிக்கிறது வேகமும், டயருக்கும் தரைக்கும் நடுவுல இருக்குற உராய்வும்தான். காய்ஞ்ச தார் ரோட்டுல உராய்வு எண் 0.8-ன்னு வச்சுக்குங்க. மணிக்கு 50 கிலோமீட்டர்ல போற வண்டி பிரேக் பிடிச்ச இடத்துல இருந்து 12 மீட்டர்ல நின்னுடும். அழுத்திக் கிடக்குற பனியில சாதா டயருக்கு 0.2-ன்னா 49 மீட்டர். நல்ல பனி டயருக்கு 0.3-ன்னா 33 மீட்டர். வெறும் ஐஸ், 0.1-ன்னா.. 98 மீட்டர்! மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறை முப்பது மீட்டர் நீளம்னு சொல்லுவாங்க. அதை மூணு தடவை தாண்டிப் போய்த்தான் வண்டி நிக்கும். (எண்கள் தோராயம். பனிக்குப் பனி மாறும். ஆனா விகிதம் பெருசா மாறாது.)

சரி, நாலு சக்கர ஓட்டத்தால பிரயோஜனமே இல்லையான்னா, இருக்கு. கிளம்புறதுக்கும் மேடு ஏறுறதுக்கும். முன் சக்கரம் இழுக்குற வண்டியில மொத்த எடையில அறுபது சதவீதம்தான் முன் சக்கரத்து மேல இருக்கும். அந்த அறுபதுக்கு உண்டான பிடிப்புதான் இழுக்க உதவும். நாலு சக்கரமும் இழுத்தா நூறும் உதவும். அதனால 0.2 பனியில சாதா டயர் போட்ட முன் சக்கர வண்டி நூத்துக்கு 12 சரிவு வரைக்கும்தான் ஏறும். நாலு சக்கர வண்டி நூத்துக்கு 20 வரைக்கும் ஏறும். பெரிய வித்தியாசம், ஒத்துக்கறேன்.

ஆனா கதையோட திருப்பமே இங்கதான். நூத்துக்கு 15 சரிவுள்ள ஒரு மலைப்பாதை. சாதா டயர் போட்ட சின்ன கார் அதுல ஏறாது. சக்கரம் சுத்தி, புகைஞ்சு, அடிவாரத்துலேயே நின்னுடும். ஓட்டினவர் திட்டிகிட்டே டீக்கடைக்குப் போயிடுவார். உயிர் தப்பிச்சார். அதே சாதா டயர் போட்ட நாலு சக்கர வண்டி ஜம்முன்னு ஏறிடும். மேலே போட்டோ எல்லாம் எடுத்துட்டு இறங்கணும் இல்லையா? இறங்குறப்ப 0.2 பிடிப்புல 0.15-ஐ சரிவே தின்னுடும். பிரேக்குக்கு மிச்சம் 0.05. மணிக்கு வெறும் 30-ல இறங்கினாலும் நிக்க 70 மீட்டர் வேணும். மலைப்பாதையில எழுபது மீட்டருக்குள்ள ஒரு கொண்டை ஊசி வளைவாவது வந்துடும். பனி டயர் போட்ட சின்ன காரும் அந்த மேட்டை ஏறும் (அதுக்கு எல்லை 18-க்குக் கொஞ்சம் கீழே). அது இறங்குறப்ப 24 மீட்டர்ல நிக்கும்.

அதாவது நாலு சக்கர ஓட்டம், திரும்பி இறங்க முடியாத இடத்துக்கு நம்மளைக் கொண்டுபோய் விடுற சாமர்த்தியசாலி. வெறும் டயர்ல போறவனை ரோடே தடுத்துடும். இவனைத் தடுக்காது.

இதை நம்ம நாட்டுலயே பார்க்கலாம். 2020 அக்டோபர் 2-ந் தேதி மகிந்திராவோட புது தார் விற்பனைக்கு வந்தது. அதோட வடிவமைப்பு, சோதனை எல்லாத்துக்கும் தலைமையகம் எங்க? நம்ம செங்கல்பட்டு பக்கத்து மகிந்திரா வேர்ல்டு சிட்டியில இருக்குற மகிந்திரா ரிசர்ச் வேலி. அடுத்த நாளே, அக்டோபர் 3, மணாலிக்கு மேல 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை திறந்தாங்க. யாரும் பேசி வச்சுக்கலை, ஆனா பேசி வச்ச மாதிரி அமைஞ்சது. முன்னாடி ரோத்தாங் கணவாய் குளிர்காலத்துல அடைஞ்சு கிடக்கும், சுற்றுலாக்காரங்க அந்தப் பக்கம் போகவே முடியாது. சுரங்கம் வந்ததும் டெல்லி, சண்டிகர் கூட்டம் வாடகைத் தாரை எடுத்துகிட்டு நேரா பனிக்குள்ள. ஒவ்வொரு குளிர்காலமும் சோலாங் பக்கத்துச் சரிவுல வண்டிங்க சக்கரம் சுத்தாம, அப்படியே சிலை மாதிரி வழுக்கிகிட்டு இறங்குற வீடியோ வரும். அதுல ஃபோர்-பை-ஃபோர் வண்டிகளும் இருக்கும். பனி விழுந்தா போலீஸ், ஃபோர்-பை-ஃபோர் வண்டி அல்லது சங்கிலி மாட்டின வண்டியை மட்டும் மேலே விடும். டயரைக் குனிஞ்சு பார்க்கிற வழக்கம் இல்லை.

கலிபோர்னியா மலைகள்ல பனி விழுந்தா ஒரு நிலைக்கு மேல எல்லாரும் சங்கிலி போடணும். நாலு சக்கர ஓட்ட வண்டிக்கு விலக்கு உண்டு, ஆனா நாலு சக்கரத்துலயும் பனிக்கேத்த டயர் இருந்தாத்தான் அந்த விலக்கு. கனடாவுல கியூபெக் இன்னும் கறார். 2008 டிசம்பர்ல இருந்து குளிர்காலத்துல பனி டயர் கட்டாயம். இப்ப டிசம்பர் 1 தொடங்கி மார்ச் 15 வரைக்கும். உன் வண்டியில எத்தனை சக்கரம் இழுக்குதுன்னு அவங்க கேக்குறதே இல்லை. ஆக மறைமலை நகர்ல நாலு சக்கர ஓட்டத்தோட செஞ்சு, கடல் தாண்டிப் போன ஈக்கோஸ்போர்ட் மான்ட்ரியால்ல இறங்கினா, டிசம்பருக்கு முன்னாடி அதுக்கும் டயர் மாத்தித்தான் ஆகணும். ஒன்டாரியோவுல கட்டாயம் இல்லை. ஆனா 2016 ஜனவரியில இருந்து பனி டயர் போட்டவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி கொடுத்தே ஆகணும்னு விதி. லாப நஷ்டம் கணக்கு போட்டே பிழைக்கிற இன்சூரன்ஸ்காரங்க டயருக்குத் தள்ளுபடி தர்றாங்க. இதை விட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம். பையனுக்கு இதைத்தான் முதல்ல சொன்னேன்.

டயர்ல என்ன பார்க்கணும்னு அவன் கேட்டான். பக்கவாட்டுல 'எம் பிளஸ் எஸ்'னு எழுத்து இருக்கும், சேறும் பனியும்னு அர்த்தம். நம்ம ஊரு ஃபோர்-பை-ஃபோர் டயர்கள்லயும் இருக்கும். அது கட்டை வடிவத்தைப் பத்தி கம்பெனியே சொல்லிக்கிற சேதி, அவ்வளவுதான். மூணு சிகரம் உள்ள மலை, அதுக்குள்ள ஒரு பனித்துகள்.. அந்த முத்திரை 1999-ல வந்தது. அது சோதனையில பாஸானாத்தான் கிடைக்கும். ஜெர்மனி 2024 அக்டோபர்ல இருந்து பனி ரோட்டுக்கு அந்த முத்திரையைத்தான் ஒத்துக்குது.

இந்த விஷயமெல்லாம் நமக்கு அந்நியம்னு நினைக்காதீங்க. எனக்கு முழுசா புரிஞ்சது கனடாவைப் படிச்சு இல்லை, நம்ம கழனியைப் பார்த்துத்தான். செங்கல்பட்டு ஏரி மாவட்டம்னு பேரு வாங்கின பூமி. நடவுக்கு முன்னாடி சேத்துல உழவு ஓட்ட டிராக்டரோட பின் சக்கரத்துக்கு கேஜ் வீல் மாட்டுவாங்க. இரும்புக் கூண்டு மாதிரி இருக்கும். ரப்பர் டயர் மட்டும் இருந்தா சேத்துல புதைஞ்சு சும்மா சுத்தும். கேஜ் வீலை மாட்டினதும் அதே டிராக்டர், அதே இன்ஜின், அதே ரெண்டு சக்கர இழுவைதான்.. ஆனா நடக்கும். பருவத்துக்குச் சக்கரத்தை மாத்துற வித்தை நம்ம விவசாயிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. அதோட தார் ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னு அதிகாரிங்க திட்டுறதும், ரோடு பேந்து போறதும்.. ஜப்பான்ல ஆணி டயருக்கு நடந்த அதே சண்டைதான்.

மாமல்லபுரத்துல இருந்து கோவளம் வரைக்கும் கடற்கரைக் குப்பங்கள்ல படகை இழுக்கவும் டிராக்டர்தான். பட்டை பட்டையா மேடு வச்ச பெரிய பின் டயர், ரெண்டு சக்கர இழுவை. படகைக் கயித்துல கட்டி மணல்ல அலட்டிக்காம இழுத்துட்டுப் போகும். வாரக்கடைசியில சென்னையில இருந்து வர்ற பெரிய எஸ்.யூ.வி. அதே மணல்ல ரோட்டு டயரோட இறங்கி அச்சு வரைக்கும் புதைஞ்சு நிக்கும். அப்புறம் அந்த டிராக்டர்தான் வந்து இழுக்கும். காத்தைப் பாதி இறக்கிவிட்டா டயர் அகலமா உக்கார்ந்து ஓரளவு மிதக்கும், அது மணலுக்கு உள்ள உபாயம். பனிக்கும் இதே உபாயம்னு சிலர் செய்யுறாங்க. ஆழமான மெத்துப் பனியில ஓரளவு சரி, அழுத்தின பனி ரோட்டுல செய்யாதீங்க.

ஈழத்து நண்பர்கள் இதை 'ஸ்னோ ரயர்'னு எழுதுவாங்க. எண்பதுகள்லயும் தொண்ணூறுகள்லயும் டொராண்டோ, மான்ட்ரியால் போய் இறங்கினவங்க பனியையே வாழ்க்கையில முதல் தடவை அங்கதான் பார்த்தாங்க. பனியில எப்படி நிறுத்தணும்னு அவங்களுக்கு அப்பா சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. நமக்கும் அப்படித்தான். வெண்பனிக்குன்னு பழகின தனிச் சொல் கூட இல்லாம, மார்கழி மூட்டத்துக்கும் இமயமலைக்கும் ஒரே 'பனி'யை வச்சுகிட்டு ஒப்பேத்துற ஆளுங்க நாம. அதனால யாராவது 'ஆல் வீல் டிரைவ் இருக்கு, பயமில்லை'ன்னா நம்பிடறோம்.

ஃபோர்டு கதையை முடிக்கலையே. 2021 செப்டம்பர் 9-ல இந்தியாவுல கார் செய்யறதை நிறுத்தப் போறதா அறிவிச்சாங்க. 2022 ஜூலையில மறைமலை நகர்ல இருந்து கடைசி வண்டி வெளியே வந்தது. அதுவும் ஈக்கோஸ்போர்ட்தான். ஆயிரக்கணக்கான ஆட்களோட வேலை அத்தோட போச்சு, சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் டீக்கடை, மெஸ், வாடகை வீடு எல்லாம் வாடிப்போனதைக் கண்ணால பார்த்தோம். 2024 செப்டம்பர்ல திரும்ப வர்றோம்னு தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தாங்க. 2025 அக்டோபர் கடைசியில ஒப்பந்தம். கார் இல்லை, இன்ஜின் மட்டும், உற்பத்தி 2029-லன்னு சொல்லியிருக்காங்க. பனி ஊர்ல ஓடிகிட்டு இருக்குற அந்த நாலு சக்கர ஈக்கோஸ்போர்ட்டுகள் அதுக்குள்ள உப்பு தின்னு துருப்பிடிச்சுப் போயிருக்குமோ என்னவோ. அங்க ரோட்டுல பனி உருக உப்பைக் கொட்டுவாங்க. நம்ம கடற்கரை ஓரத்து வண்டிக்கு வர்ற வியாதிதான் அதுக்கும்.

அக்கா பையன் கடைசியில நாலு டயரும் வாங்கிட்டான். ரெண்டு போதுமான்னு ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். முன்னாடி மட்டும் போட்டா பிரேக் பிடிக்கிறப்ப பின்பக்கம் வழுக்கி வண்டி பம்பரமாயிடும்னு சொன்னேன், விட்டுட்டான். போட்டோ அனுப்பினான். வ்ரெடஸ்டைன் விண்டிராக். பேரைப் பார்த்ததும் சிரிச்சுட்டேன். ஹாலந்து கம்பெனின்னு அவன் நினைச்சுகிட்டு இருந்தான். 2009-லேயே அதை வாங்கினது அப்பல்லோ டயர்ஸ். நம்ம ஒரகடத்துல தொழிற்சாலை வச்சிருக்குற அதே அப்பல்லோ. எந்த நாட்டுல செஞ்சதுன்னு டயர் ஓரத்துல பார்த்துச் சொல்லுடான்னு கேட்டிருக்கேன். வெளியில மைனஸ் பன்னெண்டு, குனிஞ்சு பார்க்க முடியாதுங்கறான்.